எட்டுப் பேர், 544 கிலோ

உட்காருங்கம்மா. அந்தப் படி சுத்தமாத்தான் இருக்கு, நான் தினம் உட்கார்ற படிதான். இந்த மூலைப் பக்கம் மட்டும் சாஞ்சிடாதீங்க. சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டி வச்சிருக்காங்க பாருங்க, எச்சில் துப்பக்கூடாதுன்னு. பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி விட்டிருக்காங்க. அந்த ஒரு விரல்ல குறி பார்த்துத் துப்பியிருக்கான். வெளியாள் இல்லம்மா, இங்க சம்பளம் வாங்கறவன்தான். பாக்கு வாசனையை வச்சே எந்த செக்‌ஷன்னு என்னால சொல்ல முடியும். சொல்ல மாட்டேன். குமட்டுது.

நீங்க ஆறாவது மாடிக்கா? பேர் மாத்தற மனுவா? அப்ப அவசரமே வேணாம். அந்த சீட்டுல இருக்கற கிளார்க் பன்னெண்டு மணிக்கு மேலதான் வருவார். உங்களுக்கும் மூச்சு வாங்குது, கொஞ்சம் ஆறிட்டுப் போங்க. என் பேர் புனிதவதி. அஞ்சாவது மாடியில சூப்பிரண்டு. முப்பத்தோரு வருஷ சர்வீஸ்.

லிஃப்ட் ஓடுதும்மா. புதுசு, தை மாசம் போட்டது, உள்ள முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. அப்புறம் ஏன் இந்தப் பொம்பளை இந்த உடம்பை வச்சுக்கிட்டுப் படியேறுதுன்னுதானே பார்த்தீங்க? பார்த்தீங்க. தப்பு சொல்லலை, எல்லாரும் பாக்கறதுதான். என் எடை நூத்தி நாலு கிலோ. மறைக்க என்ன இருக்கு? தைராய்டு, ரெண்டு ஆபரேஷன், அப்புறம் எங்க குடும்பமே அப்படித்தான். அரக்கோணத்துலேருந்து தினம் ரயில்ல வர்றேன், நான் உட்கார்ந்தா பக்கத்துல இடம் இருக்கும், வந்து உட்கார மாட்டாங்க, நின்னுக்கிட்டே வருவாங்க. ஷேர் ஆட்டோக்காரன் என்னை நடுவுல உட்காரச் சொல்வான். ஓரத்துல உட்கார்ந்தா வண்டி சாயுதாம். முட்டி டாக்டர் சொல்றார், நீங்க ஒரு படி இறங்கினா உங்களை மாதிரி மூணு பேர் எடை அந்த முட்டியில விழுதும்மான்னு. பூமி இழுக்குது, நான் என்ன செய்யறது? எல்லாரையும்தான் இழுக்குது. என்னைக் கொஞ்சம் கூடுதலா இழுக்குது. அதுக்கு நானா பொறுப்பு?

நான் சொல்ல வந்தது அந்தப் பழைய லிஃப்ட்டைப் பத்தி.

அது இரும்புக் கூண்டு. இழுத்து மடக்கற கம்பிக் கதவு. உள்ள ஒரு ஸ்டூல், ஸ்டூல்ல ஏகாம்பரம். லிஃப்ட் ஆபரேட்டர். நம்ம ஆபீஸ் ஆள் கிடையாது, ஒரு ஏஜென்சி அனுப்பி வச்ச ஆள். ஐம்பது வயசு இருக்கும், ஒடிசலான உடம்பு, சட்டையில மடிப்பு கலையாது. நான் ஏறினா மட்டும் ஸ்டூலை எடுத்து வெளியில வச்சுட்டு நின்னுக்கிட்டு வருவார், எனக்கு இடம் வேணும்னு. அதை நான் மரியாதைன்னு எடுத்துக்கறதா, வேற எப்படி எடுத்துக்கறதா, இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

உள்ள ஒரு பித்தளைத் தகடு. எட்டுப் பேர், 544 கிலோ. இருபது வருஷம் அந்தத் தகட்டையே பார்த்துக்கிட்டு மேல போய் வந்திருக்கேன். வகுத்தும் பார்த்திருக்கேன். ஆளுக்கு அறுபத்தெட்டு. நான் அறுபத்தெட்டு இருந்தது என் பெரியவன் பொறக்கறதுக்கு முன்னாடி.

அதுவரைக்கும் அது வெறும் தகடுதான். போன வருஷம் பொங்கல் முடிஞ்ச கையோட ஏதோ ஆய்வு வந்து, லிஃப்ட்டுக்கு எடை பாக்கற கருவி மாட்டணும்னு உத்தரவு போட்டுட்டாங்க. ஜெரால்டுன்னு ஒரு மெக்கானிக் வந்து மாட்டிட்டுப் போனார். எடை கூடினா மணி அடிக்கும். யாராவது ஒருத்தர் இறங்கற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கும், லிஃப்ட் நகராது.

யாராவது ஒருத்தர். அது யாருன்னு நினைக்கறீங்க?

காலையில பத்து மணிக்கு அந்தக் கூண்டு எப்படி இருக்கும்னு தெரியுமா? முதல் நாள் போட்ட சட்டையை மறுநாளும் போட்டுக்கிட்டு வர்றவன் இருப்பான். தலையில வடிய வடிய எண்ணெய். சாப்பாட்டுப் பையிலேருந்து சாம்பார் ஒழுகி என் புடவையில படும். அடுத்த செக்‌ஷன் சூப்பிரண்டு சடகோபன் சேஃப்டி பின்னை வச்சுப் பல்லைக் குத்திக்கிட்டே நிப்பார், குத்தி எடுத்ததைப் பார்த்துட்டு மறுபடி வாயில வச்சுக்குவார். இந்த அழகுல நிக்கறவங்கதான் என்னைப் பாப்பாங்க. மணி அடிச்சதும் ஒருத்தர் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. பாப்பாங்க. அவ்வளவுதான். நான் முதல் ஆளா ஏறி மூலையில நின்னிருப்பேன். எட்டாவதா ஓடி வந்து ஏறினவன் கதவோரமா நிப்பான், ஒரு கால் எடுத்து வச்சா வெளியில. அவன் இறங்க மாட்டான், திரும்பி என்னைப் பாப்பான். நான் மூலையிலேருந்து அத்தனை உடம்பையும் உரசிக்கிட்டு வெளிய வரணும். அந்த வேர்வை, அந்த வாசனை, தொட்டுடக்கூடாதுன்னு வயித்தை உள்ள இழுத்துக்கற அந்த ஆம்பளைங்க. நான் இறங்கினப்புறம் சடகோபன் ஒவ்வொரு தடவையும் ஒண்ணே ஒண்ணு சொல்வார். ஆள் கணக்கு சரிதான் மேடம், கிலோ கணக்குதான் இடிக்குது. ஒவ்வொரு தடவையும் புதுசா சொல்ற மாதிரி சொல்வார். ஒவ்வொரு தடவையும் சிரிப்பாங்க.

மூணு மாசம் பொறுத்துக்கிட்டேன். சித்திரையில ஒரு நாள், மணி அடிச்சுது, நான் இறங்கலை. ஏன் இறங்கணும்? அன்னைக்கு நான் மூணாவது ஆள். எனக்கு அப்புறம் அஞ்சு பேர் ஏறியிருக்காங்க. நின்னேன். மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. அரை நிமிஷம் இருக்கும். அப்ப பின்னாலேருந்து என் முதுகுல ஒரு கை. கைன்னுகூடச் சொல்லக்கூடாது. ரெண்டு விரல். முழுக் கையை வைக்கக் கூசிக்கிட்டு, ரெண்டு விரலால தள்றாங்க. சாக்கடையில கிடக்கறதைக் குச்சியால ஒதுக்கற மாதிரி. யாருன்னு திரும்பிப் பாக்கலை. பார்த்திருந்தா அந்த முகத்தைத் தினம் பாக்கணும். இறங்கிட்டேன். அஞ்சு மாடி ஏறிப் போய் சீட்டுல உட்கார்ந்தேன். அந்த ரெண்டு விரல் பட்ட இடத்தை அன்னைக்கு ராத்திரி மூணு தடவை சோப்புப் போட்டுத் தேய்ச்சேன்.

மறுநாள் சாயங்காலம், கூட்டமெல்லாம் போனப்புறம், ஏகாம்பரத்துக்கிட்ட சொன்னேன். அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திடுங்கன்னு. சத்தத்தை மட்டும்தான் கேட்டேன், நல்லா கவனிங்க. அவர் தயங்கினார். சத்தத்தைத் தனியா நிறுத்த முடியாது மேடம், ஒயரைக் கழட்டினா கருவியே வேலை செய்யாது, ஜெரால்டு திட்டுவார்னார். நான் வற்புறுத்தலை. அவர் பொண்ணு காலேஜ்ல சேர்றப்ப ஜாதிச் சான்றிதழ் வாங்கறதுல சிக்கல் வந்துச்சு, தாலுக்கா ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்சவங்க மூலமா ஒரே நாள்ல வாங்கிக் கொடுத்திருந்தேன். அதையெல்லாம் நான் ஞாபகப்படுத்தலை. அந்த மாதிரி பொம்பளை நான் இல்லை. பொண்ணு இப்ப எப்படிப் படிக்கறான்னு மட்டும்தான் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கிட்டே, சரி மேடம்னார்.

மறுநாளே மணி நின்னு போச்சு.

அதுக்கப்புறம் ஒரு நாலு மாசம், என் சர்வீஸ்லயே நிம்மதியா இருந்த நாலு மாசம்னு சொல்லலாம். யாரும் யாரையும் பாக்கலை. ஆனா ஜனங்களோட புத்தியைப் பாருங்க. மணி இல்லைன்னு தெரிஞ்சதும் எட்டு பேர் பத்தாச்சு, பத்து பேர் பன்னெண்டாச்சு. நெருக்கியடிச்சு ஏறுவாங்க, கதவை இழுத்து மூட முடியாது. யாரு ஏறச் சொன்னா? நானா சொன்னேன்? நான் ஒருத்தி எப்பவும் போல ஏறினேன். அத்தனை பேரும் ஏறிட்டு, பிற்பாடு என் பேரைச் சொல்றாங்க.

ஆடி மாசத்துலேருந்து லிஃப்ட் சரியா தரைக்கு நிக்கலை. ரெண்டு விரல் கீழ நிக்கும், அப்புறம் நாலு விரல். ஒரு டைப்பிஸ்ட் தடுக்கி விழுந்து உதட்டைக் கிழிச்சுக்கிட்டா. ஏகாம்பரம் ஒவ்வொரு மாடியிலயும் பார்த்து வாங்க, பார்த்து இறங்குங்கன்னு சொல்ல ஆரம்பிச்சார். ஒரு நாள் நான் தனியா போறப்ப சொன்னார்.

"பிரேக் பிடிக்க மாட்டேங்குது மேடம். வழுக்குது. நான் அந்த ஒயரை மாட்டிட்டு ஜெரால்டுக்குப் போன் பண்ணிடறேன்."

சொன்னது புதன்கிழமை. அடுத்த திங்கக்கிழமை எங்க இணை இயக்குநர் ஆய்வுக்கு வர்றார். அவரை வரவேற்று லிஃப்ட்ல அஞ்சாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியது நான். ஃபைலோட அவர் பக்கத்துல நான் நிக்கறேன், கூட நாலைஞ்சு பேர், அந்த நேரம் பார்த்து மணி அடிச்சா? அவர் முன்னாடி சடகோபன் அந்தக் கிலோ கணக்கைச் சொன்னா? யோசிச்சுப் பாருங்கம்மா. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? திங்கக்கிழமை போகட்டும் ஏகாம்பரம், செவ்வாய்க்கிழமை மாட்டிக்கலாம்னு சொன்னேன். அஞ்சு நாள்தானே. நாலு மாசம் ஓடினது அஞ்சு நாள் ஓடாதா?

வெள்ளிக்கிழமை காலையில நடந்துச்சு.

பத்தே காலுக்கு ஏறினோம். ஏகாம்பரத்தோட சேர்த்து பன்னெண்டு பேர். ரெண்டாவது மாடியில நாலு பேர், மூணாவதுல ரெண்டு, நாலாவதுல மூணு பேர் இறங்கினாங்க. அஞ்சாவதுக்கு வர்றப்ப நான், சடகோபன், ஏகாம்பரம், மூணே பேர். சடகோபன் தாண்டிக் குதிச்சு முதல்ல இறங்கிட்டார். லிஃப்ட் தரைக்கு நாலு விரல் கீழ நிக்குது. நான் ஒரு காலை மேல எடுத்து வச்சேன், கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த காலை எடுக்கறேன். என் பாரம் அந்தக் கூண்டை விட்டு வெளிய வந்த நொடி, கீழ ஏதோ விட்ட மாதிரி இருந்துச்சு. கூண்டு மேல ஏற ஆரம்பிச்சிடுச்சு. பட்டனும் அமுக்கலை, ஒண்ணும் இல்லை. கதவு திறந்தபடியே இருக்கு. என் பின்னங்கால் இன்னும் முழுசா வெளிய வரலை.

"மேடம், போங்க."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிக்கிட்டே முதுகுல கையை வச்சுத் தள்ளினார். முழுக் கை, உள்ளங்கை முழுசும். நான் முன்னால போய் விழுந்தேன். திரும்பிப் பார்த்தா கூண்டோட தரை என் தலைக்கு மேல போயிட்டிருக்கு. ரெண்டு நொடி. அப்புறம் ஏழாவது மாடிக்கு மேல ஒரு இடி. கட்டடமே அதிர்ந்துச்சு. மேல முட்டி, மறுபடி கீழ விழுந்து, நின்னுடுச்சு. அதுக்கப்புறம் சத்தமே இல்லை. அவர் கத்தலை.

எல்லா செக்‌ஷன்லேருந்தும் ஓடி வந்து நின்னாங்க. நான் தரையில கிடக்கறேன், எந்திரிக்கக் கை கொடுக்க ஆள் இல்லை. அப்ப சடகோபன் சொன்னார். ஒரு மனுஷன் மேல அடிபட்டுக் கிடக்கறான், உயிர் இருக்கா இல்லையான்னு தெரியாது, அப்ப சொன்னார்.

"புனிதவதி இறங்கின சந்தோஷத்துல லிஃப்ட் பறந்துடுச்சு."

சிரிச்சாங்கம்மா. எல்லாரும் இல்லை, நாலைஞ்சு பேர். வாயைப் பொத்திக்கிட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு, ஆனா சிரிச்சாங்க. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இந்தக் கட்டடத்துல ஒரு டம்ளர் தண்ணிகூட யார் கையாலயும் வாங்கிக் குடிக்கறதில்லைன்னு. இன்னைக்கு வரைக்கும் குடிக்கலை.

தீயணைப்புக்காரங்க வந்து அவரை வெளிய எடுக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. இடது கால் ரெண்டு இடத்துல ஒடிஞ்சிருந்துச்சு, இடுப்பு எலும்புல விரிசல். உயிர் இருந்துச்சு.

சாயங்காலத்துக்குள்ள கட்டடம் முழுக்க ஒரே பேச்சு. அந்த அம்மா வருஷக்கணக்கா ஏறி இறங்கி லிஃப்ட்டோட கம்பியே இழுபட்டு நீண்டுடுச்சாம். கேண்டீன்ல பேசறான், வாசல்ல வண்டி நிறுத்தறவன் பேசறான். நான் ஜெரால்டைப் பிடிச்சேன். மறுநாள் வந்து மேல மோட்டார் ரூம்ல பார்த்துக்கிட்டிருந்தார். ஏழு மாடி ஏறிப் போனேன். எனக்கு விவரமா சொல்லுங்க, என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். நல்ல மனுஷன், கையைத் துடைச்சுக்கிட்டு பொறுமையா சொன்னார்.

லிஃப்ட்டுங்கறது தராசு மாதிரியாம். கம்பியோட ஒரு பக்கம் கூண்டு, இன்னொரு பக்கம் இரும்புக் கட்டைங்க. கூண்டோட எடையும், அது தூக்கற பாரத்துல பாதி எடையும் சேர்த்து அந்தக் கட்டைங்களை வச்சிருப்பாங்களாம். அப்பதான் மோட்டாருக்குச் சுமை குறையும். நாலு பேர் உள்ள இருந்தா ரெண்டு பக்கமும் சமம். கூட்டம் ஜாஸ்தின்னா கூண்டுப் பக்கம் பாரம். ஆள் இல்லைன்னா கட்டைப் பக்கம் பாரம். பிரேக் விட்டுப் போச்சுன்னா பூமி எந்தப் பக்கம் பாரமோ அந்தப் பக்கத்தை இழுக்கும். காலி லிஃப்ட் கீழ விழாதும்மா, மேலதான் போகும். இது எனக்கு அன்னைக்குதான் தெரியும். உங்களுக்குத் தெரியுமா? யாருக்கும் தெரியாது.

அப்ப நான் கேட்டேன், நான் உள்ள இருந்த வரைக்கும் அது ஏன் நின்னுச்சுன்னு. நீங்க உள்ள இருந்ததால கட்டைப் பக்கத்தோட இழுப்பு கொஞ்சம் குறைஞ்சு, தேஞ்ச பிரேக்கு அதை எப்படியோ பிடிச்சுக்கிட்டிருந்துச்சு, நீங்க இறங்கினதும் அதால முடியலைன்னார். பார்த்தீங்களா? என் எடைதான் அதை நிறுத்தி வச்சிருக்கு. நான் இன்னும் ரெண்டு மாடி உள்ள இருந்திருந்தா அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. மூணு தடவை திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். இதை அப்படியே அறிக்கையில எழுதுங்கன்னு சொன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். அதெல்லாம் எழுத முடியாது மேடம், நாலு மாசமா அளவுக்கு மீறி ஏத்தி பிரேக் கட்டை தேஞ்சு போச்சு, எடைக் கருவியோட ஒயரை யாரோ கழட்டியிருக்காங்க, அதைத்தான் எழுதணும்னார். ஒயருக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? மணி அடிக்கறது வேற, பிரேக் பிடிக்கறது வேற. ஆனா அவரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். நல்ல மனுஷன்னு நினைச்சேன்.

விசாரணைக்கு மூணு அதிகாரிங்க வந்தாங்க. ஒயரைக் கழட்டினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமான்னு என்னைக் கேட்டாங்க. நான் அஞ்சாவது மாடியில ஃபைல் பாக்கறவ, லிஃப்ட் ஒயரைப் பத்தி எனக்கென்ன தெரியும்னு சொன்னேன். தெரியாதுதானே? எந்த ஒயர், எங்க இருக்குன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில ஏகாம்பரத்துக்கிட்ட வாக்குமூலம் வாங்கினாங்க. அவர் என்ன சொன்னார் தெரியுமா? மணிச் சத்தத்துல தலைவலி வருது, அதனால நானே கழட்டினேன்னு சொல்லியிருக்கார். பச்சைப் பொய். எப்படிம்மா ஒரு மனுஷனுக்குப் படுத்த படுக்கையில அவ்வளவு லேசா பொய் சொல்ல வருது? நான் எதிர்பார்த்தது அவர் உண்மையைச் சொல்வார், சொன்னா நானும் என் பக்கத்தை எடுத்துச் சொல்லலாம்னு. அந்த ரெண்டு விரலைப் பத்திச் சொல்லியிருப்பேன். சடகோபனைப் பத்திச் சொல்லியிருப்பேன். அவர் பொய்யைச் சொல்லி என் வாயை அடைச்சுட்டார். அந்தக் காகிதத்தைப் படிச்சப்ப எனக்கு வந்த அருவருப்பு இருக்கே, அது சடகோபன்கிட்டகூட வந்ததில்லை.

தை மாசம் புது லிஃப்ட் வந்துச்சு. இதுல மணி கிடையாது. எடை கூடினா ஒரு பொம்பளைக் குரல் பேசும், பாரத்தைக் குறைக்கவும்னு, தமிழ்ல, இனிமையா. முதல் நாள் ஒரே ஒரு தடவை கேட்டேன். அன்னையிலேருந்து படி.

மாசி மாசம் ஏகாம்பரத்தோட சம்சாரம் வந்துச்சு. நவநீதம்னு பேர். என் மேசைக்கு முன்னாடி வந்து நின்னுச்சு, உட்காரச் சொன்னேன், உட்காரலை. அவருக்குக் கால் கட்டையாயிடுச்சு, மடங்கலை, இனிமே நிக்கற வேலை ஆகாதுன்னு சொல்லிச்சு. ஏஜென்சியில வேற ஒரு இடத்துல, கேட்டுல உட்கார்ந்து வர்றவங்க பேரை எழுதற வேலை இருக்காம். ஆனா விசாரணை அறிக்கையில அவரே கருவியைக் கழட்டினார்னு இருக்கறதால எடுக்க மாட்டேங்கறாங்களாம். ஆபீஸ்ல இருக்கறவங்க சொல்லித்தான் கழட்டினார்னு யாராவது ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும்ங்கறாங்களாம். அதையெல்லாம் மனப்பாடம் பண்ணின மாதிரி சொல்லிட்டு, குரலை இறக்கிச்சு.

"அவர் உங்க பேரை எங்கயும் சொல்லலைம்மா. சொல்லவும் மாட்டார். என்னை இங்க வரவேணாம்னுதான் சொன்னார்."

சுத்தி எல்லாரும் எழுதறதை நிறுத்திட்டாங்க. அந்தப் பொம்பளைக்கு இங்கிதம் இருந்திருந்தா வெளிய கூப்பிட்டுச் சொல்லியிருக்கும். நான் யோசிச்சு எழுதித் தர்றேன், போயிட்டு வான்னு அனுப்பி வச்சேன். எனக்கு இன்னும் பதினோரு மாசம் சர்வீஸ் இருக்கு. இந்த நேரத்துல ஒரு வரி எழுதிக் கொடுத்தா, அந்த ஒரு வரியை வச்சு பென்ஷனையே நிறுத்தி வைப்பாங்க. சடகோபனுக்கு அது ஒண்ணு போதும்.

ஆனா எழுதினேன். எழுதாம இல்லை. வீட்டுல உட்கார்ந்து எழுதினேன். ஒரு வரி இல்லை, ஒன்றரைப் பக்கம். சித்திரை மாசம் இன்ன தேதியில நான்தான் சொன்னேன், ஆடி மாசம் அவர் மாட்டறேன்னு சொன்னப்பவும் நான்தான் வேணாம்னேன், எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கவர்ல போட்டு ஒட்டி, கைப்பையில வச்சுக்கிட்டேன். பங்குனியில ஒரு ஞாயித்துக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போனேன். வியாசர்பாடிப் பக்கம், ஒரு ஹவுசிங் போர்டு கட்டடம். வெறுங்கையோட போகக்கூடாதுன்னு ஆரஞ்சு ஒரு கிலோ, ஹார்லிக்ஸ் ஒண்ணு.

போய்ப் பார்த்தா வீடு மூணாவது மாடி. படி இருக்கே, இந்தப் படி அதுக்கு அரண்மனை. அகலம் என் தோளுக்குப் பத்தாது. முதல் வளைவுலயே யாரோ வீட்டுக் குப்பையைக் கொட்டி வச்சிருக்காங்க, முட்டை ஓடு, மீன் செதில், ஈ மொய்க்குது. மூக்கைப் பொத்திக்கிட்டு ஏழெட்டுப் படி ஏறினேன். அப்புறம் முட்டி விட்டுடுச்சு. இறங்கி கீழ வந்து நின்னு, ஏகாம்பரம்னு கூப்பிட்டேன்.

ரெண்டு மூணு தடவை கூப்பிட்டப்புறம் பால்கனிக்கு வந்தார். கம்பியைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கறார். மெலிஞ்சு போயிருந்தார், சட்டை அப்பவும் மடிப்பு கலையாமத்தான் இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் முகத்துல ஒரு வெளிச்சம். மேடம், நீங்க ஏறாதீங்க, நவநீதம் கடைக்குப் போயிருக்கு, இதோன்னு சொல்லிட்டு உள்ள போனார். நைலான் கயித்துல கட்டின ஒரு பிளாஸ்டிக் கூடையை எடுத்துட்டு வந்தார். பால், காய்கறி எல்லாம் அவங்க அப்படித்தான் வாங்குவாங்களாம். அவரால இறங்கி ஏற முடியாதே. கயித்தை விட்டு விட்டு, மெதுவா, சுவத்துல இடிக்காம கூடையை என் முன்னாடி கொண்டு வந்து நிறுத்தினார். சரியா என் கை உயரத்துக்கு. லிஃப்ட் ஓட்டின கை இல்லையா.

ஆரஞ்சை வச்சேன். ஹார்லிக்ஸை வச்சேன். கைப்பையைத் திறந்தேன்.

கவர் மேலயே இருந்துச்சு. ஆனா யோசிங்கம்மா. கயித்துல போற பொருள். காத்து அடிக்குது. நடுவுல ரெண்டு வீட்டு பால்கனி இருக்கு, எவனாவது கையை நீட்டி எடுத்துட்டா? கீழ விழுந்து யார் கையிலயாவது கிடைச்சா? ஒரு அரசாங்க ஊழியர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை அப்படியா கூடையில வச்சு அனுப்பறது? அது முறையில்லை. பையை மூடிட்டேன். போதும், இழுத்துக்கங்கன்னு கையைக் காட்டினேன்.

இழுத்தார். கூடை மேல போச்சு. பொருளை எடுத்து உள்ள வச்சுட்டு வந்து மறுபடி கம்பியோரம் நின்னார். நல்லா இருக்கீங்களா மேடம்னு கேட்டார். நல்லா இருக்கேன்னேன். வேற ஒண்ணும் கேக்கலை. அப்புறம், அந்தக் காலி கூடையை மறுபடி இறக்கினார்.

நான் கேக்கலைம்மா. அவரா இறக்கினார். மெதுவா, முன்ன மாதிரியே, சரியா என் கைக்கு நேரா வந்து நின்னுச்சு. காலியா இருந்ததால காத்துல லேசா ஆடிச்சு. அவர் மேலேருந்து கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார், என்னைப் பாக்கலை, கூடையைத்தான் பாக்கறார்.

எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு, கைப்பையைத் திறக்காமயே வந்துட்டேன். தெரு முனையில திரும்பிப் பார்த்தப்ப, கூடை இன்னும் கீழதான் தொங்கிக்கிட்டிருந்துச்சு.